'சொல்லுங்க' என்று பேச ஆரம்பித்த நண்பன்

கேள்வி: என் வயது 34. காட்பாடியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் நான்கு பேர் ஒரே செட்டு. சாயங்காலமானால் சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில்தான் எங்கள் ஜமா. எங்கள் பேச்சில் மரியாதை என்பதே கிடையாது. 'டா', 'மச்சான்', கெட்ட வார்த்தை எல்லாம் சகஜம். எங்களில் ஒருவன் எட்டு வருஷத்துக்கு முன் செல்போன் கடை வைத்தான். அன்றைக்கு நான்தான் அவனுக்கு 'மொதலாளி' என்று பேர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது. போன வருஷம் கடையை மூடிவிட்டான். இப்போது ஒரு டிராவல்ஸில் வண்டி ஓட்டுகிறான். நாலைந்து மாதமாக என்னிடம் மட்டும் ஒரு மாதிரியாகப் பேசுகிறான். போன் செய்தால் 'சொல்லுங்க' என்கிறான். டீ குடித்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் காசு கொடுக்கிறான். குரூப்பில் என்ன போட்டாலும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறான். போன வாரம் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தபோது, 'குடும்பத்தோட வந்துடுங்க' என்று யாரோ ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னான். 'இன்னாடா மொதலாளி, ரொம்ப மரியாதை குடுக்கற?' என்று கேட்டேன். சிரித்தான், அவ்வளவுதான். அவன் மாறிவிட்டானா? நாங்கள் பேசுவதே தப்பா? என் மனைவி, 'நீங்க பேசறதுக்குப் பேரு நட்பா? ரோட்டுல சண்டை போடற மாதிரி கீது. புள்ளைங்க காதுல விழுது' என்கிறாள். இனிமேல் எல்லோரும் மரியாதையாகவே பேசிக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து 'டா' போட்டுப் பேசியவர்கள் திடீரென்று 'வாங்க, போங்க' என்று ஆரம்பித்தால் உங்கள் ஜமா சீக்கிரமே கலைந்துவிடும். நீங்கள் பேசும் விதத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. கோளாறு ஒரே ஒரு பேரில் இருக்கிறது, அதுவும் ஒரு காலத்தில் நல்ல பேராக இருந்ததுதான். உங்கள் நண்பர் மாறிவிட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நாலைந்து மாதமாக அவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

நெருங்கிய நண்பர்கள் பேசுவது பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சண்டை மாதிரித்தான் கேட்கும். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் உள்ளே நுழைகிறார். குரல் ஏறுகிறது. பாதி வாக்கியத்திலேயே எல்லோரும் சிரிக்கிறார்கள், ஏனென்றால் மீதிப் பாதி பத்தாம் வகுப்பில் நடந்த ஏதோ ஒரு கதையில் இருக்கிறது, அது அந்த நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். 'டேய், ஐந்நூறு ரூபா அனுப்பு' என்றால் மறுபேச்சில்லாமல் பணம் வந்துவிடும். நன்றி என்று சொன்னால் 'இன்னாடா புதுசா கீது' என்று திட்டு விழும். 'வந்துகினே கீறேன்' என்கிறவர் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார். கேட்கிறவருக்கும் அது தெரியும், இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இல்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற நண்பனை 'இன்னாடா, உயிரோடதான் கீறியா?' என்று கேட்பது நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் நலம் விசாரிப்பு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி ஊர்களில் தமிழும் உருதும் தெலுங்கும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் முதலில் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அவரவர் மொழியின் வசவுகளைத்தான். அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் பிற்பாடு ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் முதல் ஆளாக வந்து நிற்பதை நான் இந்த ஊரில் வளர்ந்தவள் என்ற முறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மனிதர்கள் பேச்சில் மரியாதையை எப்படிக் காட்டுகிறார்கள் என்று 1978-இல் விரிவாக எழுதினார்கள். அதற்கு அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று நம் தமிழ். கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட பேச்சு அதில் இருக்கிறது. அவர்கள் சொன்னதை என் வார்த்தையில் சொன்னால் இப்படி வரும். மரியாதையை ஒதுங்கி நின்றும் காட்டலாம், நெருங்கி வந்தும் காட்டலாம். அதிகாரியிடம் 'கொஞ்சம் கையெழுத்துப் போட முடியுமாங்க' என்பது முதல் வகை. நண்பனின் தோளில் கை போட்டுக்கொண்டு, பட்டப்பேர் சொல்லி, அவன் சட்டையைக் கிண்டல் பண்ணுவது இரண்டாம் வகை. இரண்டுமே 'உன்னை நான் மதிக்கிறேன்' என்றுதான் சொல்கின்றன. உங்கள் டீக்கடைப் பேச்சில் மரியாதை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, இரண்டாவது வகையில்.

அதனால்தான் அவருடைய 'சொல்லுங்க' உங்களை இவ்வளவு உறுத்துகிறது. முன்பின் தெரியாதவர் சொன்னால் அது பணிவு. உங்கள் நண்பர் சொல்லும்போது, நெருங்கி வந்து பேசிக்கொண்டிருந்தவர் ஒதுங்கி நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கோபம் மட்டும் என்றால் உங்கள் வழக்கப்படியே நாலு கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பார், மறுநாள் சரியாகியிருக்கும். வருத்தம் ஆழமாக இருந்து, அதைச் சொல்ல வழியும் இல்லாதபோதுதான் மனிதர்கள் மரியாதைக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள். ஆலோசனைக்கு வரும் கணவன் மனைவி என் முன்னால் உட்கார்ந்து பேசும்போதும் இதைக் கவனிக்கிறேன். வழக்கமாக ஒருமையில் பேசுகிறவர் எந்த இடத்தில் 'அவங்க சொல்றதுதாங்க சரி' என்று மாறுகிறாரோ, அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது.

இப்போது 'மொதலாளி'க்கு வருகிறேன். அந்தப் பேர் வைத்த நாளில் அதில் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! நான்கு பேரில் ஒருவன் சொந்தக் கடை திறந்துவிட்டான். கிண்டல் மாதிரி இருந்தாலும் உள்ளே பெருமைதான். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவர் பதிலுக்கு, 'ஆமாண்டா, வந்து வேலைக்குச் சேரு, சம்பளம் போட்டுத் தரேன்' என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பார். இல்லையா? யோசித்துப் பாருங்கள்.

கடை மூடிய பிறகு நீங்கள் பேரை மாற்றவில்லை. அவருடைய வாழ்க்கை மாறிவிட்டது. இன்று அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவரை 'மொதலாளி' என்று கூப்பிட்டால், அந்த ஒவ்வொரு அழைப்பும் மூடிய ஷட்டரை ஞாபகப்படுத்தும். காலி செய்து கொடுத்த கடை, திரும்பி வந்த அட்வான்ஸில் கழித்துக்கொண்ட வாடகை, விற்காமல் நின்ற சரக்கு, வீட்டில் சொல்ல வேண்டியிருந்த பதில்கள் எல்லாம் அதோடு வரும். உங்கள் மனதில் அந்தப் பேருக்கு எட்டு வருஷத்துக்கு முந்தைய அர்த்தம். அவர் காதில் விழுவது போன வருஷத்து அர்த்தம்.

அப்படியென்றால் அவர் வாய் திறந்து 'அப்படிக் கூப்பிடாதடா' என்று சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்த விஷயத்தின் கரு. ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் கேலி உறவுகளைப் பற்றி 1940-இல் எழுதிய கட்டுரையில் அதன் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் கேலி செய்யலாம், மற்றவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் மாமன் மச்சான்களுக்கு நடுவே நடப்பது இதுவேதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை மச்சினன்மார்கள் என்ன பாடு படுத்தினாலும் அவர் முகம் சுளிக்கக் கூடாது. நண்பர்களும் ஒருவரையொருவர் மச்சான், மாமா என்று கூப்பிட்டு அதே உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சமமாக இருக்கும்வரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒருவர் விழுந்துவிட்டால், 'தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது' என்ற அந்தச் சட்டம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. வலிக்கிறது என்று சொன்னால், கடை போனது இன்னும் அவரைக் குடைகிறது என்று நான்கு பேர் நடுவில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதற்கு மேல் 'ஒரு தமாஷ் தாங்கத் தெரியலையே உனக்கு' என்ற பேரும் வரும். அதனால் சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நண்பர்களுக்குள் கேலி கைமாற்று மாதிரி. கொடுத்தால் திரும்பி வரவேண்டும். வாங்கினவர் சந்தோஷமாகத் திருப்பித் தருகிறாரா, அடுத்த முறை அவரே ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் நண்பர் கடைசியாக எப்போது உங்களைத் திருப்பிக் கிண்டல் செய்தார்? டீக்கு ஓடிப்போய்க் காசு கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். முன்பெல்லாம் யார் காசு கொடுப்பது என்பதே உங்களுக்குள் ஒரு விளையாட்டாக இருந்திருக்கும். இன்று அவருக்கு அது விளையாட்டு இல்லை. 'என்னிடம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது' என்று நினைக்கிறவர்தான் அப்படி முந்திக்கொண்டு ஓடுவார். தயவுசெய்து அவரைத் தடுத்து, 'நீ வைடா, நான் குடுக்கறேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். அவர் கொடுக்கட்டும். அடுத்த நாள் நீங்கள் கொடுங்கள்.

ஏன் உங்களிடம் மட்டும் இந்த மரியாதை? பேர் வைத்தவர் நீங்கள், அது ஒன்று. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் நீங்கள், அதுவும் இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் முக்கியமான காரணம் வேறு. நான்கு பேரில் உங்களுக்காவது புரியும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் யாரும் இவ்வளவு சிரமப்பட்டு விலகுவதில்லை.

நெருக்கம் அதிகமாக இருக்கும்போது புரிதலும் தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நெருங்கியவர்களிடம் பேசும்போது 'நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்கும்' என்ற நம்பிக்கை நமக்குக் கூடிவிடுகிறது, ஆனால் உண்மையில் புரிந்த அளவு அந்த நம்பிக்கைக்கு ஈடாக இருப்பதில்லை. கேலியைப் பற்றி 2006-இல் செய்த ஆராய்ச்சியிலும் இதேதான் தெரிந்தது. கேலி செய்கிறவருக்குத் தன் மனதில் இருக்கும் அன்பு தெரியும், எதிரே இருப்பவருக்கும் அது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார். எதிரே இருப்பவருக்கு அந்த அன்பு அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை, வார்த்தைதான் சேர்கிறது. குரூப்பில் எழுதிப் போடும்போது இன்னும் மோசம், குரலும் முகமும் கிடையாது. 2005-இல் மின்னஞ்சலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தாங்கள் கிண்டலாக எழுதியதா நிஜமாக எழுதியதா என்று படிக்கிறவர்கள் நூற்றுக்கு 78 முறை சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். ஆகவே 'மொதலாளி எங்க ஆளே காணோம்?' என்கிற மாதிரி குரூப்பில் நீங்கள் ஏதாவது போட்டிருந்தால் அது அங்கே எப்படிப் போய் விழுந்திருக்கும் என்பதை உங்கள் மனதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சரி, என்ன செய்வது?

தனியாகப் பேசுங்கள். டீக்கடையில் வேண்டாம், போனில் வேண்டாம், குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது பல ஆண்களுக்குக் கஷ்டம். பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ பேசினால் வார்த்தை தானாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூர் கோட்டைக்கு வரச் சொல்லி அகழி ஓரமாக ஒரு சுற்று நடங்கள். இல்லையென்றால் அமிர்தி வரைக்கும் ஒரே வண்டியில் போய் வாருங்கள். அவர் 'ங்க' போட்டுப் பேசினாலும் நீங்கள் 'டா'வை விடாதீர்கள். நீங்களும் மரியாதைக்கு மாறினால், விலகலை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றுதான் அவருக்குப் படும்.

என்ன சொல்லலாம்? உங்கள் பேச்சிலேயே, சுருக்கமாக: 'டேய், கடை மூடன அப்புறமும் உன்ன நான் மொதலாளின்னே கூப்ட்டுகினு இருந்தேன். அத நான் நிறுத்தி இருக்கணும். தப்பு என்னுது. இனிமே கூப்பிட மாட்டேன்.' அவ்வளவுதான். இதற்குப் பின்னால் எதையும் ஒட்டாதீர்கள். 'சும்மா தமாஷுக்குத்தாண்டா' என்று சேர்த்தால் மன்னிப்பு கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. 'நீ ஏன்டா அப்பவே சொல்லல?' என்று சேர்த்தால் பழி அவர் மேல் போய்விடும். பெரும்பாலும் அவர், 'அட, அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடு' என்பார். அதைக் கேட்டு, 'இல்ல, நீ பொய் சொல்ற, மனசுல வச்சிகினு இருக்க' என்று தோண்ட வேண்டாம். 'சரிடா' என்று சொல்லிவிட்டு நடங்கள். 'விடு' என்று வந்ததா, 'விடுங்க' என்று வந்ததா என்று மட்டும் கவனியுங்கள்.

அதற்குப் பிறகு, அன்றைக்கே இல்லாவிட்டாலும் இன்னொரு நாள், இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'கடைசி மாசம் கடையில எப்படிடா இருந்துச்சு?' உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடை மூடியது இருக்கிறது. ஏன் மூடினார், கடன் இருக்கிறதா, அன்றைக்கு யார் கூட இருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அக்கறை இல்லாதவர் எனக்கு எழுதியிருக்க மாட்டார். கேலி ஒரு விஷயத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும்போது, அதைப் பற்றிப் பேசிவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. நீங்கள் மூன்று பேரும் ஒரு வருஷமாக அந்தப் பேரைச் சொல்லி அந்தக் கடையைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை.

அவர் பேச ஆரம்பித்தால் 'உம்' கொட்டுங்கள். நம் ஊரில் கதை கேட்கிறவர்களுக்குத் தெரிந்த வித்தை அது. 'ம்', 'அப்புறம்?', 'அடப்பாவி' போதும். ஆன்லைனில் விற்கப் பழகியிருக்கலாம், வாடகை குறைந்த இடம் பார்த்திருக்கலாம் என்று கணக்குப் பிரிவு மனிதராக யோசனை சொல்லத் தோன்றும். வேண்டாம். 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்பதும் வேண்டாம், அது பேச்சை மூடிவிடும். நடுவில் அவர் நிறுத்தினால் பொறுத்திருங்கள். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் ஆரம்பிப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகமிகச் சிறியது. பத்து மொழிகளை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் மூன்று நொடி மௌனம்கூட நமக்கு யுகமாகத் தெரியும், எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். முக்கியமான வார்த்தை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

காதுகுத்துக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் பத்திரிகை வாங்கிய விருந்தாளி மாதிரிப் பந்தி நேரத்துக்குப் போய், மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முந்தின நாளே போய்விடுங்கள். சேர் இறக்க, சமையல்காரருக்குச் சாமான் வாங்கிவர, குலதெய்வக் கோயிலுக்கு வேன் பேச என்று ஆயிரம் வேலை இருக்கும். 'நீங்க எதுக்குங்க' என்று அவர் சொன்னாலும் காதில் வாங்காமல் வேலையைப் பாருங்கள். அங்கே உறவுக்காரர்கள் நடுவில் மறந்தும் அந்தப் பழைய பேரைச் சொல்லிவிடாதீர்கள். மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால் அது வேறு விதமாகக் கேட்கும்.

மற்ற இரண்டு நண்பர்களிடமும் தனித்தனியாகச் சொல்லிவையுங்கள், அவர் இல்லாதபோது. எல்லோர் முன்னாலும் 'இனிமே அவன யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது' என்று அறிவிப்பு செய்தால், அவர் மறைத்துவைத்ததை நீங்களே நடுத்தெருவில் போட்டதாகிவிடும். இன்னொன்று முக்கியம். அவரைக் கிண்டல் செய்வதையே நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் திடீரென்று மெதுவாக, பக்குவமாகப் பேச ஆரம்பித்தால் தன்னை நோயாளி மாதிரி நடத்துகிறார்கள் என்று அவருக்குப் படும். அவர் கிரிக்கெட்டில் கேட்ச் விட்டது, பிரியாணிக்கு மூன்றாம் தடவை கத்திரிக்காய் கேட்பது, எங்கே போனாலும் கடைசியில் வந்து சேர்வது என்று பழைய விஷயங்கள் எத்தனையோ இருக்கும். அதில் கை வையுங்கள். அதைவிட நல்லது, அவர் உங்களைக் கிண்டல் செய்ய இடம் கொடுப்பது. அவர் ஒரு வார்த்தை திருப்பிப் போட்டால் மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் வாய்விட்டுச் சிரியுங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற மற்ற செட்டுகளும் இருக்கும். நிறம், உடம்பு, திக்குவாய், சாதி, கல்யாணம் ஆகாதது, குழந்தை இல்லாதது ஆகியவற்றை வைத்துப் பட்டப்பேர் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்து நண்பர் வட்டங்களில் 'கருப்பு', 'குண்டு' எல்லாம் சின்ன வயதிலிருந்தே பேராக ஒட்டிக்கொள்கின்றன. நாற்பது வயதில் என் முன்னால் உட்கார்ந்து அந்தப் பேரைச் சொல்லி அழுதவர்கள் இருக்கிறார்கள். நண்பர்கள் முன்னால் அவர்கள் ஒரு நாளும் அழுததில்லை. ஒருவர் தன்னால் மாற்ற முடியாததை, அல்லது மாற்றத் தவியாய்த் தவிப்பதைத் தொடுகிற கேலிக்கு அவரால் பதில் கேலி சொல்ல முடியாது. பெண்கள் நட்பிலும் இது உண்டு. ஷூ கம்பெனி வேனில் தினமும் ஒன்றாகப் போய்வருகிற தோழிகள் 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியாடி?' என்று சிரித்துக்கொண்டே கேட்பதை, கேட்கப்பட்டவள் இரவு முழுக்கச் சுமந்துகொண்டிருப்பாள்.

உங்கள் நண்பர் விஷயத்தில் வெறும் மனத்தாங்கலுக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்றும் கண் வையுங்கள். தூக்கம் போய்விட்டது, தனியாகக் குடிக்கிறார், கடன்காரர் போனுக்குப் பயப்படுகிறார், 'நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறார் என்றால், அதைத் தமாஷ் என்று ஒதுக்காதீர்கள். 'சாகணும்னு தோணுதாடா?' என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். பதில் 'ஆமாம்' என்கிற மாதிரி இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் உங்களுக்குப் பக்கம்தான். கூட யாராவது வந்தால் போகத் தயங்குகிறவர்களும் போவார்கள்.

அவர் பழையபடி பேச எத்தனை நாள் ஆகும் என்று அவசரப்படாதீர்கள். ஒரு நாள் 'டா' வரும், அடுத்த வாரம் மறுபடி 'ங்க' வரும். அதைச் சுட்டிக்காட்ட வேண்டாம். நீங்கள் உங்கள் பேச்சை மாற்றாமல் இருந்தால் போதும்.

கடைசியாக உங்கள் மனைவி சொன்னது. கெட்ட வார்த்தை விஷயத்தில் நான் அவர் பக்கம். அடுத்தவர் அம்மாவையும் அக்கா தங்கையையும் இழுக்கிற வசவுகள் இல்லாமலே நான்கு நண்பர்கள் நெருக்கமாகப் பேச முடியும், வீட்டில் போனில் பேசும்போதாவது முதலில் அதை விடுங்கள். பிள்ளைகள் 'டா, டீ' கேட்பதால் கெட்டுப்போக மாட்டார்கள். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைக் குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் மனைவி சொல்வதில் இன்னொன்றும் இருக்கலாம். டீக்கடையில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிறவர், வீட்டுக்கு வந்ததும் 'சாப்பாடு போடு' என்பதோடு முடித்துக்கொள்கிறாரா? அவருக்குக் குறை உங்கள் நண்பர்கள் பேசுகிற பேச்சிலா, வீட்டில் நீங்கள் பேசாத பேச்சிலா என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்.